யானைக்கால் நோயும் ஃபர்ளு கிஃபாயாவும்: விழுப்புரம் வட்டாரத்தின் வரலாறு ஒன்று

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் கல்விப் பகுதியில் ஃபர்ளு கிஃபாயா இன்னதென விளக்குகையில் இரண்டு கல்விகளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார்கள். ஒன்று மருத்துவம், மற்றொன்று கணிதம். உடல்கள் நிலைபெற்றிருக்க மருத்துவம் வேண்டும். கொடுக்கல் வாங்கலுக்கும் வாரிசுச் சொத்துப் பங்கீட்டுக்கும் கணிதம் வேண்டும். ஓர் ஊரில் இவற்றை அறிந்தவர் எவருமே இல்லையாயின் அவ்வூரார் அனைவரும் குற்றவாளியாவர். ஒருவர் முன்வந்து நிறைவேற்றினாலோ மற்றையோரின் பொறுப்பு நீங்கிவிடும். ஃபிக்ஹின் நுண்விவாதங்களில் மக்கள் முண்டியடித்துக் கொண்டு, மருத்துவத்தைக் கைவிட்டுவிட்டதைக் குறித்து இமாம் அவர்கள் அங்கேயே வருந்தவும் செய்கின்றார்கள்.

இப்பகுதியை மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் பாடம் நடத்திய நாம், மருத்துவத்தையும் கணிதத்தையும் இருவேறு துறைகளாகவே எண்ணி வந்தோம். இரண்டும் ஒன்றாய்க் கலந்த கல்வி ஒன்று உண்டென்பதும், அக்கல்வி நமது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமத் தெருக்களில் பல ஆண்டுகள் நடமாடியது என்பதும் நமக்கு வெகு தாமதமாகவே தெரியவந்தன. அதுவே நோய்ப்பரவலியல். இன்றைய அரபியில் அதனை இல்முல் வபாஇய்யாத் என்பர். தம்மிடம் வந்தவருக்கு என்ன நோய் என்று மருத்துவர் வினவுகின்றார். நோய்ப்பரவலியலாரோ, இவ்வூரில் எத்தனை பேருக்கு நோய், எவருக்கு வந்தது, எவருக்கு வரவில்லை, பக்கத்து ஊரைவிட இங்கு மிகுந்திருப்பது ஏன் என்று வினவுகின்றார். முன்னவருக்கு நோயாளி ஒருவரே போதும். பின்னவருக்கு நோயில்லாதவரும் வேண்டும்.

இக்கல்வி நம் பகுதியில் செய்த பணியை ஒரு நோயின் வழியே சொல்ல விழைகின்றோம். அது யானைக்கால் நோய்.

பெயரில் தொடங்கிய குழப்பம்

அரபு மருத்துவர்கள் இந்நோயைத் தாஉல் ஃபீல், அதாவது யானை நோய் என்று அழைத்தனர். இப்னு சீனா (980-1037) தமது அல்கானூனில் கால்களின் இரத்தக் குழாய்ப் புடைப்போடு சேர்த்து இதனைப் பேசுகின்றார். தமிழரும் யானையின் காலையே உவமை கொண்டனர். ஒருவரையொருவர் கேளாமலேயே இரு மொழியாரும் ஒரே உருவத்தைக் கண்டிருக்கின்றனர்.

கிரேக்கரோ யானையின் பெயரை வேறொரு நோய்க்குச் சூட்டியிருந்தனர். அவர்கள் எலிஃபாண்டியாசிஸ் என்றது தொழுநோயை. அரபியில் அது ஜுதாம். பதினோராம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் கான்ஸ்டன்டைன் முதலியோர் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, ஜுதாமுக்கு லெப்ரா என்னும் சொல்லை இட்டனர். கிரேக்கத்தில் லெப்ரா என்பதோ செதில் உதிரும் ஒருவகைத் தோல் நோயே. தாஉல் ஃபீலுக்கு எலிஃபாண்டியாசிஸ் என்பது வந்து அமைந்தது. ஆக ஒரே சொல் இரு நோய்களைச் சுட்டலாயிற்று. 'கிரேக்கரின் யானை நோய்', 'அரபியரின் யானை நோய்' என அடைமொழியிட்டுப் பிரித்துக் காட்டும் நிலைக்கு ஐரோப்பிய மருத்துவர்கள் தள்ளப்பட்டனர்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. எதனை எண்ணுகின்றோம் என்பது திட்டமாகாதவரை எண்ணிக்கைக்குப் பொருளில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி அபூபக்ர் அர்ராஸீ தனி நூலே எழுதியதன் அருமை இங்குதான் விளங்குகின்றது. பெயரைப் பிரித்தறிவது நோய்ப்பரவலியலின் முதற்படி.

இரவில் வெளிப்படும் புழு

நோயின் காரணம் வெளிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1872இல் கல்கத்தாவில் திமொத்தி லூயிஸ் என்பவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பேன்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், கொசுவின் உடலுக்குள் இப்புழு வளர்வதை அறிந்தார். நுண்புழுக்கள் பகலில் மறைந்திருந்து இரவில் மட்டுமே மேற்புற இரத்தத்தில் மிகுவதையும் அவரே உலகுக்கு உணர்த்தினார். ஆயினும் கொசு செத்து விழுந்த நீரைக் குடிப்பதால் மனிதருக்கு நோய் தொற்றுகின்றது என அவர் கருதிவிட்டார். கடிக்கும் கொசுவின் அலகு வழியேதான் புழு இறங்குகின்றது என்பது 1900 வாக்கில்தான் தெளிவாயிற்று. பாதி உண்மை முழு உண்மையாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நம் நாட்டில் இந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது கியூலெக்ஸ் இனக் கொசு. அது சாக்கடையிலும், கழிவுநீர்க் குழியிலும், தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகுவது. தாய்ப்புழு மனிதரின் நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டாண்டுகள் வரை வாழ்ந்து, இலட்சக்கணக்கில் நுண்புழுக்களை ஈனுகின்றது. இவற்றைச் சுமப்பவர்களில் பலருக்கு வீக்கமோ வலியோ எதுவுமில்லை. தாம் நலமாயிருப்பதாகவே அவர்கள் எண்ணுகின்றனர். அவர்களது இரத்தமோ தெரு முழுவதற்கும் நோய் வழங்குகின்றது. வீங்கிய காலை மட்டும் கண்டு நோயை எண்ண முற்படுவோர் ஏமாந்து போவர். மறைந்திருப்பதை எண்ணியாக வேண்டும். அதற்கு இரவில் செல்ல வேண்டும்.

நாம் மாணவராயிருந்த காலத்தில், இஷாவுக்குப் பின் விடுதிக்கு இருவர் வந்ததை இன்றும் மறக்கவில்லை. ஒருவர் கையில் விளக்கு. மற்றவர் கையில் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டி. விரல் நுனியில் குத்தி மூன்று சொட்டு இரத்தம் எடுத்துச் சில்லில் தடவிப் பெயர் எழுதிக் கொண்டனர். பகலில் வரக்கூடாதா என்று நம்முள் ஒருவர் சலித்துக் கொண்டார். "பகலில் வந்தால் புழு வராது, தம்பி" என்றார் வந்தவர். அதனை வேடிக்கைப் பேச்சென்று கருதிச் சிரித்தோம். அது மேன்சனின் கண்டுபிடிப்பு என்பதை அன்று நாம் அறியோம்.

தென்னார்க்காட்டுக் கிராமங்களில்

1955இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நகரங்களில் கொசுப்புழு ஒழிப்பும், இரவு இரத்தப் பரிசோதனையும், புழு கண்டவர்களுக்கு மாத்திரையும் அதன் முறைகள். டி.இ.சி. என்னும் அம்மருந்தின் ஆற்றல் 1947இல் அறியப்பட்டது. ஆனால் அத்திட்டம் பெரும்பாலும் நகரங்களோடு நின்றது. கிராமங்கள் வெளியே இருந்தன.

1975இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. அம்மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் கொசுவைக் குறைத்து நோயைக் குறைக்கும் பெருமுயற்சியை நடத்தியது. அதன்பின் அதன் பார்வை எல்லை கடந்து தமிழ்நாட்டுக் கிராமங்கள் மீது திரும்பிற்று. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானது. அதற்கடுத்த ஆண்டுகளில் இவ்வட்டாரத்துக் கிராமங்கள் உலகம் கவனித்த ஆய்வொன்றின் களமாயின.

ஆய்வாளர் பி.கே. தாஸ், கே.டி. ராமையா முதலியோர் கிராமங்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கொரு முறை டி.இ.சி.; இரண்டாம் பிரிவினருக்கு ஐவர்மெக்டின்; மூன்றாம் பிரிவினருக்கு மருந்தில்லா வெற்று மாத்திரை. பின்னர் ஆண்டுதோறும் இரவில் இரத்தம் எடுத்தனர். வீடுகளில் கொசு பிடித்து, ஒவ்வொன்றையும் நுண்நோக்கியின் கீழ் அறுத்து, உள்ளே புழு உண்டா என்று எண்ணினர். ஒரு தெருவின் கொசுக்களை ஒவ்வொன்றாய் அறுத்து எண்ணுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பிரிவு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அர்ராஸீயும் (மறைவு ஹிஜ்ரி 313) இவ்வழியே சென்றிருக்கின்றார். மூளைக் காய்ச்சல் வகையைச் சேர்ந்த சிர்ஸாம் என்னும் நோயில் இரத்தம் எடுத்தல் பயன்படுமா என அறிய, ஒரு கூட்டத்தாருக்கு அதனைச் செய்து, மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டதாக அல்ஹாவீ நூலில் எழுதுகின்றார். ஒப்பிட ஒன்றில்லாமல் உண்மை துலங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். இரத்தம் எடுப்பது பற்றிய அவரது முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் அவர் கேட்ட கேள்வியின் அமைப்பை ஏற்கும். அதேவேளையில் வெற்று மாத்திரை பெற்ற கிராமத்தாருக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம் என்பதையும் மறைத்தலாகாது. அவர்களது காத்திருப்பின் மீதுதான் மற்றவர்களின் சுகம் நிறுவப்பட்டது.

ஆய்வின் விடை மகிழ்வும் எச்சரிக்கையும் கலந்தது. ஆண்டுக்கொரு வேளை மருந்தால் இரத்தத்தில் புழுவுடையோர் தொகை பெரிதும் குறைந்தது, கொசுவிலும் குறைந்தது. ஆயினும் சில சுற்றுகளோடு நோய் அடியோடு அற்றுப் போய்விடவில்லை. எஞ்சியது சிறிதே எனினும் மீண்டும் தளிர்க்கப் போதுமானது.

இம்மாவட்டத்தின் மேற்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூர் வட்டாரத்தில் (2019 முதல் இது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது) 1990களின் நடுவே மற்றோர் ஆய்வு தொடங்கிற்று. அதனை நடத்தியது மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையம். முன்னின்றவர் டாக்டர் ரேச்சல் ரூபன். சில கிராமங்களில் மருந்து மட்டும். வேறு சில கிராமங்களில் மருந்தோடு கொசு ஒழிப்பும். கழிவுநீர்க் குழிகளில் பாலிஸ்டைரின் மணிகளைக் கொட்டினர். அவை நீரின் மேல் வெண்படலமாய் மிதந்து, கொசு முட்டையிடாமலும் புழு மூச்சுவிடாமலும் தடுத்தன. கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டனர். மருந்தால் கிட்டிய நன்மை, கொசு ஒழிப்பும் சேர்ந்த ஊர்களிலேயே நிலைத்தது. மருந்து மட்டும் கண்ட ஊர்களில் அந்த உறுதி இல்லை. 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இம்முடிவு வெளிவந்தபோது, திருக்கோவிலூரின் பெயர் பன்னாட்டு அறிஞரின் வாயில் புழங்கிற்று.

பெற்றதும் விழுங்கியதும்

1997இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிக்கத் தீர்மானித்தது. 2000இல் உலகத் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாடு அதற்கு முன்னரே, 1990களின் பிற்பகுதியில், ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கத் தொடங்கியிருந்தது. 2004 முதல் நாடெங்கும் அது விரிந்தது; பின்னர் டி.இ.சி.யோடு அல்பெண்டசோலும் சேர்க்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயுற்றோர் ஆகியோரைத் தவிர அனைவரும் உட்கொள்ள வேண்டும் என்பது விதி. மொத்த மக்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது உண்மையாகவே விழுங்கினால்தான், அதுவும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் விழுங்கினால்தான், சங்கிலி அறும்.

இங்குதான் கணக்கு ஒரு கசப்பான உண்மையை வெளிக்கொணர்ந்தது. ராமையா குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாய்ச் சென்று விசாரித்தபோது, மாத்திரையைப் பெற்றுக் கொண்டவர்களின் தொகைக்கும் விழுங்கியவர்களின் தொகைக்கும் இடையே பெரும் பிளவு இருந்தது. பதிவேட்டில் வழங்கப்பட்டது வயிற்றுக்குச் செல்லவில்லை. எனக்கு நோயில்லையே, எதற்கு மருந்து என்பது ஒரு காரணம். உட்கொண்டவருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வருகின்றன என்பது மற்றொன்று. உண்மையில் அக்காய்ச்சல் பெரும்பாலும் உடலில் மறைந்திருந்த புழு மடிவதால் வருவது. எவருக்கு அது வந்ததோ அவருக்கே மருந்து மிகவும் தேவைப்பட்டிருந்தது.

பிறரைக் குறை கூறும் முன் நம்மைச் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டுகளில் ஒரு நாள் நமது இல்லத்துக்கும் பணியாளர் வந்தார். வெயிலில் நடந்து வந்த இளம்பெண். ஆளுக்கு இத்தனை என்று எண்ணித் தந்து, தம் முன்னிலையிலேயே விழுங்குமாறு வேண்டினார். இன்னும் உணவருந்தவில்லை, பிறகு உட்கொள்கிறோம் என்று கூறி அனுப்பி வைத்தோம். அவரும் கணக்கில் குறித்துக் கொண்டு சென்றார். மாத்திரைகள் கிதாபுகளுக்கிடையே அலமாரியில் கிடந்து நிறம் மாறிப் போயின. எண்ணுபவரின் ஏட்டில் நாம் மருந்துண்டவர், மெய்யில் உண்ணாதவர். ஹதீஸ் அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை மாணவருக்குக் கற்பிக்கும் ஒருவர், ஓர் ஏழைப் பணியாளரின் ஏட்டில் பொய்யான அறிவிப்பாய் நின்றோம். இதனை உணர்ந்தபோது வெட்கினோம்.

ஆகவே இப்படிப் பிரித்துக் காண்கின்றோம். ஊரின் நோயை எண்ணி ஆராயும் பணி ஃபர்ளு கிஃபாயா; சிலர் செய்தால் அனைவருக்கும் போதும். ஆனால் மாத்திரையை விழுங்குவதில் ஒருவருக்காக மற்றவர் ஈடு செய்ய இயலாது. அது ஃபர்ளு ஐனின் சாயலுடையது. இதனை மார்க்கத் தீர்ப்பாகக் கூறவில்லை, அதற்குரியவர்கள் முஃப்திகள். ஒப்புமையாகவே கூறுகின்றோம்.

தொற்றும் விதியும்

நோய் தானே தொற்றுவதில்லை என்று பொருள்படும் நபிமொழியைக் காட்டி இத்தகைய முயற்சிகளில் ஆர்வம் காட்டாதோர் நம்மிடையே உண்டு. ஆனால் நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்கலாகாது என்று கூறியவர்களும் அதே அண்ணல் நபி (ஸல்) அவர்களே. இறைநாட்டமின்றி நோய் தன்னாற்றலால் தொற்றுவதாக நம்பியதே மறுக்கப்பட்டது; காரணங்களைப் பேணுதல் மறுக்கப்படவில்லை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்கியிருக்கின்றனர்.

ஹிஜ்ரி 18இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி ஸர்க் என்னுமிடத்தில் ஹள்ரத் உமர் (ரலி) அவர்களை எட்டியது. முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷிப் பெரியோரையும் தனித்தனியே அழைத்துக் கலந்தாலோசித்தபின் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவியபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். நோய் விதியெனில் மருந்தும் விதி. கொசு விதியெனில் குழியை மூடும் கையும் விதி. இவ்விடையை மறந்தவரே விதியின் பெயரால் சோம்பலைப் போற்றுவர்.

ஹவுளும் விரலிடுக்கும்

இன்று தமிழ்நாட்டில் இந்நோய் பெருமளவு அடங்கியிருக்கின்றது. புதிதாய்ப் பரவுகின்றதா என அறிய ஆறேழு வயதுச் சிறாரின் இரத்தத்தைப் பரிசோதிக்கின்றனர். அவர்கள் வாழ்நாள் குறுகியதாதலால், அவர்களிடம் தொற்றிருந்தால் அது அண்மையதே. 2027க்குள் நாடு முழுவதும் ஒழிப்பதை இந்திய அரசு 2023இல் இலக்காக அறிவித்தது. ஆயினும் முன்பே வீங்கிய கால்கள் மருந்தால் மெலியப் போவதில்லை.

நமது மஹல்லாவில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தார். தொழுகையாளிகள் முகஞ்சுளிப்பரோ என அஞ்சி, கடைசி ஸஃப்பின் ஓரத்தில் நின்று, ஸலாம் கொடுத்ததும் முதலில் வெளியேறுவார். அவரது காலைக் காப்பதற்கு மருத்துவம் கூறும் வழி மிக எளியது: நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதல், விரலிடுக்குகளைத் தூய்மை செய்து ஈரமின்றித் துடைத்தல், காலை உயர்த்தி வைத்தல், சிறு காயத்தையும் விட்டுவிடாமை. காய்ச்சலோடு கூடிய வீக்கம் மீண்டும் மீண்டும் தாக்குவதை இது தடுக்கின்றது. வுளூவில் கால்விரல்களைக் கோதிக் கழுவுதல் சுன்னத்தென்று சிறு பிள்ளைகளுக்கும் நாம் கற்பிக்கின்றோம். அதனோடு துடைப்பதையும் சேர்த்து அப்பெரியவருக்குச் சொல்லிக் கொடுக்க நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்கவும் தோன்றவில்லை.

வுளூச் செய்த நீர் எங்கே செல்கின்றது என்றும் நாம் பார்ப்பதில்லை. பல பள்ளிவாசல்களின் பின்புறத்தில் அது மூடியில்லாக் குழியில் தேங்குகின்றது. தூய்மைக்காகப் பயன்பட்ட நீரே கியூலெக்ஸ் கொசுவின் தொட்டிலாகின்றது. திருக்கோவிலூர் ஆய்வாளர்கள் தேடிச் சென்றது இத்தகைய குழிகளைத்தான். குழிக்கு மூடியிட்டு, ஹவுளில் கொசுப்புழு தின்னும் மீன் வளர்ப்பதற்கு ஒரு ஜமாஅத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இரவில் வந்து நம் விரலில் குத்தியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர்கள் தடவிய சில்லுகளும் அறுத்த கொசுக்களுமே அட்டவணைகளாகி, அட்டவணைகள் ஆய்வுரைகளாகி, ஆய்வுரைகள் உலகத் திட்டங்களாயின. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிரித்துக் கூறிய இரு கடமைகளையும் ஒரே இரவில் நிறைவேற்றியவர்கள் அவர்கள். அடுத்த முறை பணியாளர் ஒருவர் வாயிலில் வந்து நின்றால், அவர் கண்முன்னேயே நாம் விழுங்குவோம், இன்ஷா அல்லாஹ். அவரது ஏட்டில் நமது பெயர் மெய்யாய் நிற்கட்டும்.